ரேடியோ புத்தகம் வாசித்த கதை

அந்தத் தெருவில் முடிவெட்டிக்கொள்ளும் யாரும் பேப்பர் வாங்குவதில்லை. சலூனில் போய் உட்கார்ந்து துணியைப் போர்த்திக்கொண்டால் போதும். ஊர்ச் சேதி, உலகச் சேதி, நேற்றைய ஆட்டத்தில் யார் கோட்டை விட்டார்கள், நாளைக்கு மழை உண்டா இல்லையா என்பது வரை கத்தரிச் சத்தத்தோடு சேர்ந்து காதில் விழுந்துவிடும். அதனால்தான் சலூன்காரருக்கு ரேடியோ என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை வைத்தவர்களே மறந்திருப்பார்கள்.

இந்த ரேடியோவுக்குப் படிக்கத் தெரியாது. சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நம்பமாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் அவரும் இத்தனை வருஷம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் சுத்தமாகப் படிக்கத் தெரியாது என்று சொன்னால் அதுவும் அநியாயம். கடை ரொம்பக் குறுகல். ஒரு சுவர் நெடுகக் கண்ணாடி, அதன் முன்னால் நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்தவர் பேப்பரை விரித்துப் பிடித்தால் அதன் முதல் பக்கம் அப்படியே கண்ணாடியில் தெரியும். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வாய்விட்டுப் படிக்கிற ஆசாமிகள். காதில் விழுந்ததையும் கண்ணாடியில் தெரிந்ததையும் பொருத்திப் பொருத்திப் பார்த்து, யாரும் சொல்லிக் கொடுக்காமல், கையில் கத்தியை வைத்துக்கொண்டே ரேடியோ எழுத்துக் கற்றுக்கொண்டுவிட்டார். யோசித்துப் பார்த்தால் இது லேசுப்பட்ட காரியமா?

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். கற்றுக்கொண்டது அத்தனையும் இடம் வலமாக மாறிப்போன எழுத்து. கண்ணாடியில் தெரிகிற தலைப்பைத் தாடி வழித்துக்கொண்டே கடகடவென்று படித்துவிடுவார். அதே பேப்பரைக் கையில் கொடுத்தால், தெரிந்த ஆள் மாறுவேஷத்தில் வந்து நிற்பது போல முழிப்பார். ஒவ்வோர் எழுத்தையும் மனசுக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்கவேண்டும். நான்காவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். அதனால் கடைக்கு வெளியே எழுத்து என்று எது வந்தாலும் நைசாக நழுவிவிடுவார். பஸ் வந்தால் கண்டக்டரிடம் கேட்பார், மருந்துச் சீட்டு வந்தால் மனைவியிடம் கொடுப்பார். பேச்சிலே ஆளைக் கவிழ்த்துவிடுகிறவர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அவருடைய மகள் பாப்பாவும் பேச்சில் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருநாள் பெற்றவர்களைக் கூப்பிட்டு அனுப்பினார். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் கல்லு மாதிரி நிற்கிறாளாம். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். பொது நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் குடும்ப வாசிப்பு நேரம் என்று ஒன்று நடக்கிறது, வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கூட உட்கார்ந்து பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கவேண்டும், அங்கே கூட்டிப் போய்ப் பாருங்கள் என்றார்.

பாப்பாவின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கிற வேலை. சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு ஷிப்ட். ஆக, போகவேண்டியது யார் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. ரேடியோ உடனே நழுவ வழி தேடினார். சனிக்கிழமைதான் கடையில் கூட்டம், வியாபாரம் கெட்டுப்போகும் என்று ஆரம்பித்துப் பார்த்தார். அப்போது பாப்பாவே குறுக்கிட்டாள்.

"வேணாம்ப்பா. நீங்க கடையைப் பாருங்க. எனக்கு மண்டையில ஏறாது. சில பேருக்கு அப்படித்தான்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். செருப்பு அளவைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். ஏழு வயசுப் பிள்ளை தன்னைப் பற்றி இப்படித் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறதே என்று அவருக்குப் பகீரென்றது. "கடை கெடக்குது கழுதை, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் எதில் காலை விட்டோம் என்பது உறைத்தது.

நூலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. நூலகர் அம்மாள் ஒல்லியான, விறைப்பான மனுஷி. சிரிப்பதற்குக் கணக்குப் பார்ப்பார். ஆனால் காரியம் என்று வந்துவிட்டால் யாருக்கும் அசைகிறவர் அல்ல. பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு குழந்தைகளைக் குனிந்து பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு தச்சரை வரவழைத்து, இரண்டு பெரிய மேசைகளின் கால்களை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டார். இனி எல்லாரும் தரையில்தான் உட்காரவேண்டும். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டபோது, "குழந்தைகள் வளரும்வரை காத்திருக்க முடியவில்லை" என்று பதில் எழுதினாராம். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. இப்படி ஒருத்தர் ஊருக்கு ஊர் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

அங்கே மூன்று சட்டங்கள். ஒரு பக்கம் பெரியவர் வாசிக்கவேண்டும், அடுத்த பக்கம் பிள்ளை வாசிக்கவேண்டும். வாசிக்கிறவர் எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அந்தச் சொல்லுக்குக் கீழே விரல் வைத்துக்கொண்டே போகவேண்டும். மூன்றாவது, வாசிக்கிறவர் திணறினால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. "தானா வர்ற வரைக்கும் பொறுங்க. நமக்கு என்ன பஸ்ஸா போயிடுச்சு?" என்பார் நூலகர் அம்மாள். யாராவது வாய் தவறி எடுத்துக் கொடுத்துவிட்டால் அவர் பார்க்கிற பார்வையில் நாக்கு உள்ளே போய்விடும்.

முதல் சனிக்கிழமை ரேடியோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டே மாடி ஏறினார். பல்வலி என்றார். நடிப்பு பிரமாதம். காவலாளி ஒருத்தர் தன் இரட்டைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒரு பக்கத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார். அவரே வாசிப்பதை நிறுத்திவிட்டு, கிராம்பு வைத்துப் பார்க்கச் சொன்னார். தையல்காரம்மா ஒருத்தி தன் மகளுடன் வந்திருந்தாள். அந்த மகள் சரியான வாயாடி. புத்தகத்தை முடித்துவிட்டு அடுத்தவர் புத்தகத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா மட்டும் தன் முன்னால் இருந்த புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நேரம் முடிந்தது. நூலகர் அம்மாள் ஒரு வார்த்தை கடியவில்லை. அந்தப் புத்தகத்தையே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

"அடுத்த வாரத்துக்குள்ள பல்லு சரியாயிடும்ல?" என்று மட்டும் கேட்டார்.

புத்தகம், மழைக்குக் குடை வாங்கப் போன கரடி ஒன்றின் கதை. அட்டையில் பெரிய கரடி, பெரிய எழுத்து. பாப்பா அதை வாசிக்கவில்லையே தவிர, ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். காலையில் ரேடியோ அதை எடுத்துக் கடைக்குக் கொண்டுபோனார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. கண்ணாடி இருக்கக் கவலை என்ன?

தபால்காரர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்காலியில் ஒரு லாரி டிரைவர், முகம் நிறைய நுரை.

"அண்ணே, இதைக் கொஞ்சம் விரிச்சு, கண்ணாடி பக்கம் காட்டிப் பிடிங்க" என்று ரேடியோ புத்தகத்தை நீட்டினார்.

"என்னய்யா இது, புள்ளைங்க புத்தகம்?"

"பாப்பாவோடது. படமெல்லாம் நல்லாருக்குன்னு சொன்னா."

தபால்காரர் பிடித்தார். ரேடியோ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஒரு கன்னத்தை வழித்தார். கரடி தென்பட்டது. எழுத்துகள், அவருக்குப் பழக்கமான கோலத்தில், வலமிருந்து இடமாக வரிசையாக வந்து நின்றன. உதடு தானாக அசைந்தது.

"அண்ணே, கத்தி கழுத்துல இருக்கு" என்றார் டிரைவர், பல்லைக் கடித்தபடி. "கரடியை அப்புறமாப் பாத்துக்கலாமே."

"கரடிக்கு இருக்கிற முடியைப் பாத்தா நாள் முழுக்க வேலை இருக்கும் போலிருக்கே, அதான் யோசிக்கிறேன்" என்று ரேடியோ சமாளித்தார். கடை சிரித்தது. தபால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் ரேடியோவின் உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மறுநாளும் வந்தார். வழிப்பதற்கு அவர் கன்னத்தில் ஒன்றுமே இல்லை. நேராகப் பெஞ்சில் உட்கார்ந்து, புத்தகத்தைத் தானே எடுத்து, கண்ணாடிக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டார். கண்டும் காணாமல் உதவி செய்யத் தெரிந்த மனுஷர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

வெள்ளிக்கிழமைக்குள் ரேடியோவுக்குக் கரடியின் கதை கரதலப் பாடம்.

சனிக்கிழமை பல்வலி பறந்துவிட்டிருந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். குட்டை மேசை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து, விரலை வைத்து ஆரம்பித்தார்.

"கரடி குடை வாங்கப் போனது. வானம் கறுத்திருந்தது. கடைக்காரர் ஒரு குடையை எடுத்து நீட்டினார். அது கரடியின் ஒரு காதுக்குத்தான் போதுமானதாக இருந்தது!"

கடையில் எத்தனை வருஷம் சேதி சொன்ன குரல்! கரடிக்கு ஒரு குரல், கடைக்காரருக்கு ஒரு குரல், மழைக்குக்கூடத் தனியாக ஒரு குரல். காவலாளியின் இரட்டைப் பிள்ளைகள் தங்கள் புத்தகத்தைப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். தையல்காரம்மா வாயைப் பிளந்து கேட்டாள். நூலகர் அம்மாள் அடுக்கிக்கொண்டிருந்த புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுவிட்டார். ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. உற்சாகத்தில் விரலைப் பற்றிய நினைப்பே இல்லை.

வாரம் முழுக்கக் கண்ணாடியில் வாசித்த பழக்கம். கண்ணாடியில் முதல் பக்கம் வலது கைப்புறம்தான் தெரியும். வரி வலது ஓரத்தில்தான் தொடங்கும். விரல் தனக்குத் தெரிந்த வழியில் போனது. வலது பக்கத்தில் ஆரம்பித்து, வரியின் கடைசியிலிருந்து முன்னுக்கு, நண்டு நடப்பது மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.

"அப்பா" என்றாள் பாப்பா. "கரடி அங்க இல்லப்பா. இங்க இருக்கு."

அவள் இடது பக்கத்தின் முதல் சொல்லில் விரலை வைத்திருந்தாள். ஒரு வாரம் தலைமாட்டில் வைத்துப் படுத்ததில், அட்டையில் பார்த்துப் பார்த்து, அந்த மூன்று எழுத்து மட்டும் அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

ரேடியோ சட்டென்று சமாளித்தார். "மழைக்கு ஒதுங்க எடம் தேடுதில்ல? அங்கயும் இருக்கும், இங்கயும் இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பாப்பா சிரிக்கவில்லை. "இல்லப்பா, நீங்க கரடின்னு சொன்னப்ப உங்க விரல் அந்தப் பக்கம் கடைசியில இருந்துச்சு. விரல் பின்னாடியே போகுது."

வாயாடிச் சிறுமி எழுந்து எட்டிப் பார்த்தாள். கையைத் தட்டினாள். "இந்த மாமாவுக்குப் படிக்கவே தெரியல! மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காரு!"

"ஏய், எங்க அப்பாவுக்கு எல்லாம் தெரியும்!" பாப்பா எழுந்து நின்றுவிட்டாள். முகம் சிவந்திருந்தது. "தெனம் பேப்பர் படிப்பாரு. ஒனக்கு என்ன தெரியும்? சொல்லுங்கப்பா!"

ரேடியோவால் தப்பித்திருக்க முடியாதா? தாராளமாக முடியும். பெரியவர்கள் இப்படியும் வாசிப்பார்கள் பாப்பா, நீதான் தப்பாப் பார்த்துட்டே என்று ஒரு வார்த்தை போட்டால் முடிந்தது. அந்த வார்த்தை நாக்கின் நுனி வரைக்கும் வந்தும்விட்டது. அப்போதுதான் மகளின் விரலைப் பார்த்தார். அது இன்னும் முதல் சொல்லிலேயே இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் தானாக வாசித்த முதல் சொல். தான் செய்ததைச் சரி என்று சாதித்தால், அவள் கண்டுபிடித்தது தப்பு என்றாகிவிடும். இரண்டில் ஒன்றுதான் நிற்கமுடியும்.

"நீ சொன்னதுதான் சரி" என்றார். "கரடி அங்கதான் இருக்கு. அப்பாவுக்குத்தான் படிக்கத் தெரியாது. கடைக் கண்ணாடியில தெரியிற எழுத்துதான் தெரியும். நேரா பாத்தா தடுமாறிடுவேன். மனப்பாடம்தான் பண்ணிட்டு வந்தேன்."

வாயாடி தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நூலகர் அம்மாள் மட்டும், எதுவுமே நடக்காதது போல, "இன்னும் நேரம் இருக்கு, படிங்க" என்றார். ஆனால் பாப்பா புத்தகத்தைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. படியருகே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். வீடு வந்து சேரும்வரை ரேடியோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். பாப்பா முன்னால் நடந்துகொண்டே இருந்தாள். வாசலில் நின்று, "இனிமே நான் வரல" என்றாள். அவ்வளவுதான்.

மனைவி வேலை முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னார். படிக்கத் தெரியாது என்கிற பகுதியை எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கினார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள், கால் கழுவிக்கொண்டே.

"எப்பலேர்ந்து?"

"கல்யாணமான வாரத்துலேர்ந்து. சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. அவ்வளவு பெரிய போஸ்டர் எதிர்ல இருக்கு. அதை விட்டுட்டு டிக்கெட் குடுக்கிறவர்கிட்டப் போய், என்ன படம்னு கேட்டீங்க."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். எங்க, மத்த எல்லாச் சேதியும் சொன்னீங்க."

ரேடியோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "பாப்பா மூஞ்சி குடுக்க மாட்டேங்கிறா. எல்லார் எதிர்லயும் அவ மானத்தை வாங்கிட்டேன்னு கோவம் போல."

"அது உங்க நெனப்பு. அவ கோவம் என்னன்னு அவகிட்ட கேட்டீங்களா?"

கேட்கத்தான் பார்த்தார். கேட்கப் போகும்போதெல்லாம் பாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடையிலும் ரேடியோ பாடவில்லை. வந்தவர்கள் ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு போனார்கள். சேதி கேட்டுப் பழகின காதுகளுக்கு வெறும் கத்தரிச் சத்தம் என்னவோ போல இருந்தது.

மறு சனிக்கிழமை வந்தது. மனைவி ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தாள். "போகலையா?" என்று கேட்டாள்.

"அவ வரலைங்கிறாளே."

"அவளைக் கேக்கல. உங்களைக் கேட்டேன்."

போகாமல் இருப்பதற்கு ஆயிரம் நியாயம் இருந்தது. குட்டு உடைந்த இடத்துக்கு மறுபடியும் போய் உட்காருவது யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் தான் போகாவிட்டால், தெரியாது என்று ஆனபிறகு அந்தப் பக்கமே போகக்கூடாது என்று மகள் எடுத்துக்கொள்வாள். அவளுடைய தீர்ப்புக்குத் தானே கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும். ரேடியோ சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மாடியில் அவரைத் தனியாகப் பார்த்ததும் நூலகர் அம்மாள் புருவத்தை உயர்த்தினார்.

"பாப்பா?"

"வரலைங்க மேடம். நான் மட்டும் படிக்கலாமா?"

"இது குடும்ப வாசிப்பு. ஒத்தை ஆள் வந்தா எப்படி?" என்றார் அவர். சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான். ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு பாயை எடுத்து உதறி, குட்டை மேசை முன்னால் விரித்தார். "எந்தப் புத்தகம்?"

கரடி வேண்டாம் என்றார் ரேடியோ. அது மனசில் இருக்கிறது. யாரும் தனக்குச் சொல்லாத, கண்ணாடியில் பார்க்காத புத்தகமாகத் தானே தேடி எடுத்தார். அட்டையில் ஓர் ஆடும் தூரத்தில் ஒரு ரயிலும் இருந்தன. இடது பக்கம். முதல் வரி. முதல் சொல். விரலை வைத்தார்.

"ஒ... ரு. ஆ... டு. ஒரு ஆடு. மே... ய். மேய்ந்... து..."

ஊர்ந்தது. எறும்பு பார்த்தால் வழி விடச் சொல்லும், அப்படி ஓர் ஊர்தல். கழுத்தில் வியர்வை வழிந்தது. வாயாடிச் சிறுமி கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளுக்கே சிரித்து அலுத்துவிட்டது. ஏனென்றால் கதையில் ஆடு ரயில் பாதையில் போய்ப் படுத்துக்கொண்டது. தூரத்தில் ரயில் கூவிவிட்டது. ஆடு எழுந்ததா இல்லையா என்று தெரியவேண்டும். இந்த மனுஷர் வாசிக்கிற வேகத்தில் ரயில் வந்து சேர்வதற்குள் ஆட்டுக்கே வயதாகிவிடும் போலிருந்தது. இரட்டைப் பிள்ளைகள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். காவலாளி தன் புத்தகத்தை மூடிவிட்டார். வேகமாக வாசித்திருந்தால் யாரும் இப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

ரேடியோ யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்து ஓடிவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தின் கடைசிச் சொல்லுக்கு வந்தார். அங்கே வண்டி நின்றுவிட்டது.

"த... ண்..." திருப்பிப் போட்டுப் பார்த்தார். "தண்... ட..." அடுத்த எழுத்து வந்தது, உடனே முதல் எழுத்து நழுவியது. மறுபடியும் ஆரம்பித்தார். மறுபடியும் நழுவியது. வாயாடிக்கு அந்தச் சொல் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம்.

"தண்... ட... வா... ளம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் நூலகர் அம்மாளைப் பார்த்தார்கள். எடுத்துக் கொடுத்தவர்களை அவர் சும்மா விட்டதே இல்லை. அன்றைக்கு மட்டும் அவருக்குக் காது கேட்கவில்லை. அலமாரியில் ஏற்கெனவே நேராக இருந்த ஒரு புத்தகத்தை நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

ரேடியோ திரும்பினார். முதுகுக்குப் பின்னால் பாப்பா நின்றிருந்தாள், ஆடு படுத்திருந்த படத்தையும் அப்பா திணறின எழுத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு. வாசல் பக்கம் அவள் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்று கேட்டார்களோ தெரியவில்லை.

"ஏன்ப்பா முன்னாடியே சொல்லல?" என்றாள் பாப்பா.

"பயமா இருந்துச்சும்மா. அப்பாவை நீ மக்குன்னு நெனச்சிட்டா..."

"நான் என்னையத்தான் அப்படி நெனச்சிட்டு இருந்தேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. "நம்ம வீட்டுல நான் மட்டுந்தான் இப்படின்னு. உங்களுக்கும் வராதுன்னு தெரிஞ்சிருந்தா, ரெண்டு பேரும் சேந்து கஷ்டப்பட்டிருக்கலாம்ல?"

மகளிடம் மரியாதை போய்விடக் கூடாது என்று எத்தனை பாடுபட்டு மறைத்தார்! மறைத்து மறைத்து, பிள்ளையைத் தனியாக நிற்க வைத்துவிட்டார். இது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கையை நீட்டி அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். அழுதார். கூச்சப்படவில்லை.

"அழுவாதீங்கப்பா, பக்கம் நனைஞ்சிடும்" என்றாள் பாப்பா. "இது முடிஞ்சுது. அடுத்தது என்னோடது."

பக்கத்தைத் திருப்பினாள். வகுப்பில் கல்லாக நின்ற பெண், அத்தனை பேர் முன்னால், வரியின் தொடக்கத்தில் விரலை வைத்தாள். "ர... யி... ல். ரயில்" என்றாள். அடுத்த சொல்லில் நின்றுவிட்டாள். அப்பாவைப் பார்த்தாள்.

ரேடியோவும் குனிந்து பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் பேசாமல் காத்திருந்தார்கள்.